கடத்தாது என்றனர், கடத்திற்று!

பொழுது புலருமுன்னரே சுங்குவார்சத்திரத்துச் சாலையில் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கின்றன. இறங்குவோரிற் பெரும்பாலோர் இளம்பெண்கள். செய்யாற்றுப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண், விழுப்புரத்துக் கூலிக்காரர் வீட்டுப் பெண், தஞ்சைத் தரணியிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் பெண். கழுத்திலே அடையாள அட்டை, கண்ணிலே கலையாத தூக்கம். இரவு வேலை முடித்த கூட்டம் வெளியேறுகிறது. பகல் வேலைக்கு வந்த கூட்டம் உள்ளே நுழைகிறது. அவர்கள் கையிற் படும் பொருள்களோ உலகமெங்கும் விலைபோகும் பொருள்கள். உள்ளங்கையளவே உள்ள கைப்பேசி. அதன் வயிற்றுக்குள் தகடு போல் மெலிந்த மின்கலம்.

அந்த மின்கலத்தை எடுத்து உரிய இடத்தில் பொருத்தும் பெண்ணைப் பார்த்து, "இது எங்கே பிறந்தது, அம்மா?" என்று நாம் கேட்டால், "பெட்டியில் வருகிறது" என்றே அவள் விடை தருவாள். அவள்மீது குற்றமில்லை. அவளுக்குச் சொல்வார் இல்லை என்பதே குற்றம்.

சொல்லவேண்டிய வரலாறு ஒன்று உண்டு. அது நம் அவுரி வயலிலே தொடங்குகிறது. இலண்டன் மருத்துவமனை ஒன்றிலே தலைகாட்டுகிறது. டோக்கியோ ஆய்வுக்கூடத்திலே ஒரு தவற்றினால் திருப்பம் பெறுகிறது. காரைக்குடியின் செம்மண்ணிலே வேர் விடுகிறது. திருப்பெரும்புதூர் – ஒரகடத்துத் தொழிற்சாலைகளிலே பயன்படு பொருளாக வந்து நிற்கிறது. "இது நடவாது" என்று பெரியோர் எல்லாரும் ஒருமுகமாகச் சொன்ன ஒன்று எங்ஙனம் நடந்தது என்பதைக் கூறும் வரலாறு அது. ஆகவேதான் பகுத்தறிவு நெறியில் நடைபோடும் இளைஞர் முன் அதை வைக்க விழைகிறோம்.

நாமெல்லாம் பள்ளியிலே படித்தோம்: செம்பு மின்சாரத்தைக் கடத்தும், இரும்பு கடத்தும், மரம் கடத்தாது, ரப்பர் கடத்தாது, பிளாஸ்டிக் கடத்தாது. பொய்யான பாடமன்று. வீட்டு மின்கம்பிக்குப் பிளாஸ்டிக் உறை போர்த்தியிருப்பதால்தானே தொட்டவன் உயிர் பிழைக்கிறான்! ஆனால், கண்ட சில பிளாஸ்டிக் கடத்தவில்லை என்பது அனுபவம்; எந்தப் பிளாஸ்டிக்கும் எக்காலத்தும் கடத்தாது என்பது ஆணை. அனுபவம் எங்கே முடிகிறது, ஆணை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்ப்பதற்குப் பெயரே பகுத்தறிவு. வேதத்தில் உள்ளதானாலும், வேதியியல் நூலில் உள்ளதானாலும், சோதித்துப் பார்க்காத வரையில் அது கேள்விதானே ஒழிய விடையன்று.

வரலாற்றுக்கு வருவோம்.

திண்டிவனம், விழுப்புரம் பக்கத்திலே இன்றும் அவுரி பயிராகிறது. ஒரு காலத்தில் தென்னார்க்காட்டிலும் கடப்பையிலும் நெல்லூரிலும் அது பெரும்பயிர். தழையை ஊறவைத்து, மிதித்துக் கலக்கி, அடியிற் படியும் நீலத்தைக் கட்டியாக்கிக் கப்பலேற்றினர். நீலம் ஐரோப்பியரின் ஆடைக்குச் சென்றது. ஆதாயம் கும்பெனியின் பெட்டிக்குச் சென்றது. தொட்டியிலே நின்ற உழைப்பாளிக்கு நீலம் பாய்ந்த கால்களே மிச்சம். வங்கத்து உழவர் 1859இல் நீலத் தோட்டக்காரரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தது தனி வரலாறு.

அந்த நீலத்தை 1826இல் செருமானியர் உன்வெர்டார்பன் காய்ச்சி வடித்து ஒரு நெய்ப் பொருளைப் பிரித்தார். 1840இல் ஃபிரிட்சே என்பார் நீலத்தைக் காரத்தோடு சேர்த்துக் காய்ச்சி அதே பொருளைப் பெற்று, "அனிலீன்" எனப் பெயரிட்டார். "அனில்" என்பது அவுரிக்கு ஐரோப்பியர் வழங்கிய பெயர். அரபு வணிகர் வாயிலாக "நீலம்" என்ற நம் நாட்டுச் சொல்லே அங்ஙனம் திரிந்து சென்றது. பிறகு, நிலக்கரித் தாரிலிருந்தும் இதே பொருள் கிடைத்தது. 1856இல் பெர்க்கின் என்ற பதினெட்டு வயது இளைஞர் அனிலீனிலிருந்து செயற்கைச் சாயம் கண்டார். 1897இல் செருமனியில் செயற்கை நீலமே சந்தைக்கு வந்தது. நம் அவுரி வயல்கள் சாய்ந்தன. வயலிலிருந்து பெயரை எடுத்துச் சென்ற வேதியியல், வயலையே வீழ்த்தி விட்டது. வேதியியலின்மீது சினங்கொண்டு பயனென்ன? அது நம் கையில் இல்லாமற் போயிற்றே என்பதல்லவா நாம் கொள்ளவேண்டிய வருத்தம்!

1862இல் இலண்டன் மருத்துவமனைக் கல்லூரியில் வேதியியல் கற்பித்த ஹென்றி லெதபி, அனிலீன் நஞ்சைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். அனிலீன் கலந்த கந்தக அமிலக் கரைசலிலே பிளாட்டினத் தகடுகளை நிறுத்தி மின்சாரத்தைச் செலுத்தினார். நேர்மின் முனையிலே கருநீலமும் பச்சையும் கலந்த படலம் ஒன்று ஒட்டிக்கொண்டது. அதன் நிறம் மாறிற்று. மாறிய நிறம் மீண்டது. நஞ்சைக் கண்டறிய ஒரு வழி கிடைத்தது என்ற அளவில் அவர் மகிழ்ந்தார். இன்று "பாலிஅனிலீன்" என்று நாம் அழைக்கும் பொருளே அப்படலம். மின்சாரத்தைக் கடத்தும் பாலிமர் ஒன்று, மின்முனையின் மீதே பிறந்து, கண்ணெதிரே நிறம் மாறிக் காட்டிற்று. ஆனால், அது கடத்துமா என்று கேட்பார் இல்லை.

ஏன் கேட்கவில்லை? பாலிமர் என்றால் என்ன என்பதே அன்று எவருக்கும் தெரியாது. சிறு மூலக்கூறுகள் கண்ணி கண்ணியாகக் கோத்து நெடுஞ்சங்கிலி ஆகின்றன என்ற கருத்தை ஸ்டாடிங்கர் 1920இல் வெளியிட்டபோது, புலவர் பெருமக்கள் நகைத்தனர். பின்னர், 1953இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1963இல் ஆஸ்திரேலியாவில் வெயிஸ் என்பாரும் உடன் உழைத்தோரும், அயோடின் ஏற்றிய பாலிபிர்ரோல் நன்றாகவே மின்சாரத்தைக் கடத்துவதை அளந்து எழுதினர். ஏட்டிலே அச்சேறிற்று, உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. "கடத்தாது" என்ற நம்பிக்கை, அளந்து சொன்ன எண்ணையும் அமுக்கிவிட்டது. நம்பிக்கையின் வன்மையைக் கோயில் வாசலில் மட்டும் தேடுவோர் இதையும் எண்ணிப் பார்க்கட்டும்.

திருப்பம் 1967இல் வந்தது. டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் ஹிடேகி ஷிராகாவாவின் ஆய்வுக்கூடத்தில், அசெட்டிலீன் வாயுவைச் சங்கிலியாக்கும் சோதனை நடந்துகொண்டிருந்தது. சேர்க்கவேண்டிய வினையூக்கியை ஒருவர் ஆயிரம் மடங்கு மிகுதியாகச் சேர்த்துவிட்டார். கருந்தூள் வரவேண்டிய இடத்தில், வெள்ளித்தகடு போல் பளபளக்கும் படலம் வந்தது. "சோதனை கெட்டது, கொட்டிவிடு" என்று ஷிராகாவா சொல்லவில்லை, "ஏன் பளபளக்கிறது?" என்றே கேட்டார்.

1975இல் சப்பானுக்குச் சென்ற மேக்டயர்மிட் அப்படலத்தைப் பற்றிக் கேள்வியுற்று, ஷிராகாவாவை அமெரிக்காவில் தம் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தார். நியூசீலாந்திலே வறிய குடும்பத்திற் பிறந்து, ஆய்வுக்கூடத்திலே எடுபிடி வேலை செய்து படித்தவர் மேக்டயர்மிட். ஹீகர் என்னும் இயற்பியலாரும் உடன் சேர்ந்தார். 1976இல் அந்தப் படலத்தின்மீது அயோடின் ஆவியைப் படரவிட்டனர். அதன் மின்கடத்து திறன் ஒரு கோடி மடங்கு உயர்ந்தது! 1977இல் உலகறியச் சொன்னார்கள். 2000இல் மூவரும் நோபல் பரிசு பெற்றார்கள்.

இதில் மாயமுமில்லை, மந்திரமுமில்லை. நெருக்கியடித்து ஆட்கள் நிற்கும் பேருந்தை எண்ணிப் பாருங்கள். ஒருவராலும் அசைய முடியாது. ஒருவர் இறங்கிவிட்டால்? அவ்விடத்துக்கு இன்னொருவர் நகர்வார். அவர் விட்ட இடத்துக்கு வேறொருவர். வெற்றிடம் ஒன்றே வண்டி முழுவதும் பயணம் செய்யும். இந்தப் பாலிமர்ச் சங்கிலியிலே ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி அமைந்துள்ளன. அங்கே எலெக்ட்ரான்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. அயோடின் வந்து சிலவற்றைப் பறித்துக்கொள்கிறது. வெற்றிடம் உண்டாகிறது, எலெக்ட்ரான் நகர்கிறது, மின்சாரம் ஓடுகிறது.

அயோடினுக்கு மாற்றாக ஒரு மின்முனையே எலெக்ட்ரானைப் பறித்தால்? அங்கேதான் இப்பொருள் மின்கலத்துக்கு உறவாகிறது. நேர்மின் முனையிலே பாலிஅனிலீனைப் பூசி, உப்புக் கரைசலிலே நிறுத்தி, மின்னேற்றம் செய்தால், சங்கிலி எலெக்ட்ரானை இழக்கிறது. இழப்பை ஈடு செய்யக் கரைசலிலுள்ள எதிர்மின் அயனி சங்கிலிகளுக்கு இடையே வந்து குடியேறுகிறது. மின்னிறக்கத்தின்போது எலெக்ட்ரான் திரும்புகிறது, அயனி வெளியேறுகிறது. ஏற்றமும் இறக்கமும், குடியேற்றமும் வெளியேற்றமும், மீண்டும் மீண்டும் நடக்கும். நிறமும் கூடவே மாறும்: வெளிர்மஞ்சள், பச்சை, கருநீலம். லெதபி 1862இல் கண்டாரே, அதே நிறமாற்றந்தான். அவர் கண்டது மின்முனை வேலை செய்த காட்சி!

இதன் சிறப்பு யாது? உலோகத் தகட்டிலே வேலை பெரும்பாலும் மேற்பரப்பில் நடக்கும். இங்கோ படலத்தின் உள்ளும் புறமும் வேலை செய்கிறது. எவ்வளவு மின்சாரத்தைத் தாங்கும்? இரண்டு அனிலீன் கண்ணிக்கு ஓர் எலெக்ட்ரான் வீதம் கணக்கிட்டால், ஒரு கிராமுக்கு 147 மில்லி ஆம்பியர்–மணி வருகிறது. இன்று மின்வண்டிகளில் ஓடும் இலித்தியம் இரும்புப் பாஸ்பேட்டின் கணக்கு ஏறத்தாழ 170. நீலச்சாய வழிவந்த பிளாஸ்டிக்குக்கு இது தாழ்ந்த எண்ணன்று.

ஆயினும், மெய்யைப் பாதி சொல்லி மயக்குவது நம் வழக்கமன்று. குறையையும் கூறுவோம். அயனி குடியேறும்போது படலம் உப்புகிறது, வெளியேறும்போது சுருங்குகிறது. உப்பியும் சுருங்கியும் பலநூறு முறை உழன்றபின் வெடிக்கிறது, உரிகிறது. அளவு மீறி மின்னேற்றினால் சங்கிலியே அறுபடுகிறது. பாலிஅனிலீனுக்கு அமிலச் சூழல் வேண்டும்; அமிலம் குறைந்தால் கடத்தும் திறன் படுத்துவிடும். எடை குறைவுதான், ஆனால் அடர்த்தியும் குறைவாதலால் இடத்தை அடைக்கிறது. இவ்வளவு குறைகளையும் எதிர்த்து நிற்கவேண்டியிருந்தது.

1987இல் சப்பானில் பிரிட்ஜ்ஸ்டோன், செய்க்கோ நிறுவனங்கள் பாலிஅனிலீன் மின்முனை கொண்ட காசு வடிவ மின்கலத்தை விற்பனைக்கே கொண்டுவந்தன. சில ஆண்டுகளில் அது கடையை விட்டு மறைந்தது. "தோற்றது" என்று சொல்லி ஏட்டை மூடுவோரும் உளர். மூடவேண்டாம், அடுத்த பக்கத்திலேதான் நம் சுங்குவார்சத்திரத்துப் பெண்ணின் கதை இருக்கிறது.

சப்பானிலே அசாஹி கசெய் நிறுவனத்தில் அகிரா யோஷினோ என்ற வேதியியலார், 1981இல் கடத்தும் பாலிமரைப் பற்றிய ஆராய்ச்சியில் இறங்கினார். ஷிராகாவா கண்ட அதே பாலிஅசெட்டிலீன்! அதை எதிர்மின் முனையாக வைத்தார். குட்இனஃப் கண்ட இலித்தியம் கோபால்ட் ஆக்சைடை நேர்மின் முனையாக எதிரே நிறுத்தினார். 1983இல் மின்கலம் வேலை செய்தது. எடை குறைந்தது, இடமோ குறையவில்லை. பிளாஸ்டிக்கின் அடர்த்திக் குறைவே தடை. ஆகவே, ஒற்றை – இரட்டைப் பிணைப்பு கொண்ட வேறொரு பொருளை நாடினார். கரியில் அத்தகைய பிணைப்பு உண்டு. 1985இல் பாலிஅசெட்டிலீன் இருந்த இடத்தில் கரியை வைத்தார். இலித்தியம் அயனி மின்கலம் பிறந்தது! 1991இல் சோனி நிறுவனம் அதை விற்பனைக்குக் கொணர்ந்தது. 2019இல் குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவரும் நோபல் பரிசு பெற்றனர். இன்று அம்மின்கலத்தில் இருப்பது பெரும்பாலும் கிராஃபைட்டு. ஒரு கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர்–மணி தாங்கவல்லது.

ஆக, அந்தப் பெண் பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்தும் மின்கலத்தின் முதல் வடிவத்திலே மின்முனையாக நின்றது, "கடத்தாது" என்று ஒதுக்கப்பட்ட பிளாஸ்டிக்! ஏணியாக நின்று ஏற்றிவிட்டுத் தான் ஒதுங்கிக்கொண்டது. ஏணியைத் தோல்வி என்று சொல்வாரும் உண்டோ?

ஒதுங்கியதும் ஓய்ந்துவிடவில்லை. செருமனியின் பேயர் நிறுவனத்தில் 1980களின் இறுதியில் "பெடாட்" என்ற கடத்தும் பாலிமர் உருவாயிற்று. மின்னணுப் பலகையிலே மின்தேக்கி என்றொரு சிறு உறுப்பு உண்டு. டாண்டலம் உலோகத்தாலான மின்தேக்கியில் எதிர்மின் முனையாக முன்பு மாங்கனீசு டைஆக்சைடு இருந்தது. அது பழுதுபட்டால் தீப்பிடிக்கும் அச்சம் உண்டு. அந்த இடத்தைப் பாலிமர் பிடித்தது. மின்தடை குறைந்தது, தீ அச்சமும் குறைந்தது. மடிக்கணினியிலும், காரின் மின்னணுக் கருவியிலும், தொலைத்தொடர்புப் பெட்டியிலும் மிளகளவான உறுப்புக்குள்ளே கடத்தும் பாலிமர் இன்று மின்முனையாக உழைத்துக்கொண்டிருக்கிறது. கரியோடும் கிராஃபீனோடும் அதைக் கலந்து உப்பல் சுருங்கலை அடக்கி, நொடியிலே நிரம்பி நொடியிலே வழங்கும் மீமின்தேக்கி செய்வதற்கான ஆய்வும் நடக்கிறது.

இவையெல்லாம் சப்பான் கதை, செருமனிக் கதை, அமெரிக்கக் கதை. நம் கதை எங்கே என்று கேட்கத் தோன்றும். கேட்கத்தான் வேண்டும்.

சிவகங்கைச் சீமையிலே காரைக்குடி. கடல் கடந்து பொருளீட்டிய செட்டிநாட்டார் ஊர். ஈட்டிய பொருளிலே எத்தனை கோபுரம் எழுந்தது, எத்தனை குடமுழுக்கு நடந்தது என்பது ஊரறிந்த செய்தி. அந்த ஊரை அடுத்த கோட்டையூரிலே பிறந்த அழகப்பச் செட்டியார், 1947இல் கல்லூரி கண்டார். மறு ஆண்டு, நாட்டுக்கு ஆய்வுக்கூடங்கள் எழவேண்டுமென்று அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் கழகம் இடந்தேடிய காலத்தில், 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் தந்தார். 1948 சூலை 25ஆம் நாள் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 சனவரி 14ஆம் நாள் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். ஸ்டாடிங்கருக்கு நோபல் பரிசு கிடைத்த அதே 1953! மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் என்பது பெயர்; "சிக்ரி" என்பது ஊரார் நாவில் வழங்கும் சுருக்கம்.

கற்கோபுரம் கட்டினால் கல்வெட்டிலே பெயர் நிற்கும். மின்முனைக்கு இடங்கொடுத்தால் யார் கும்பிடப் போகிறார்கள்? தெரிந்தே கொடுத்தார் அழகப்பர். 1957இல் மறைந்தார். அவர் தந்த மண்ணிலே உப்பிலிருந்து சோடா எடுக்கவும், உலோகத்தைப் பிரிக்கவும், முலாம் பூசவும், துருவைத் தடுக்கவும், மின்கலம் செய்யவும் ஆய்வுகள் நடந்தன; நடக்கின்றன. பாலிஅனிலீனும் அங்கே வந்து சேர்ந்தது. டி. சி. திரிவேதி போன்ற ஆய்வாளர்கள் அதன் ஆக்கத்தையும் பண்பையும் ஆராய்ந்து உலக ஏடுகளில் எழுதினர். இரும்பின்மீது அதைப் பூசித் துருவைத் தடுக்கலாமா என்று ஆய்ந்தனர். மின்முனையாக்கி மின்தேக்கியில் வைத்துப் பார்த்தனர். 1985இல் எழுந்த அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொழில் வேதியியல் துறையிலும், அனிலீன் குடும்பத்துப் பாலிமர்கள் மின்முனையின்மீது எப்படி வளர்கின்றன என்பது பற்றி ஆய்வுகள் நடந்தன. சிக்ரி வளாகத்திலேயே மாணவர்க்கு மின்வேதிப் பொறியியல் கற்பிக்கப்படுகிறது. சென்னைத் தரமணியில் இலித்தியம் அயனி மின்கலத்தைச் செய்து காட்டும் கூடமும் சிக்ரியால் அமைந்தது. அத்தொழில்நுட்பத்தைத் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு அளிக்கும் உடன்பாடு 2018இல் கையெழுத்தாயிற்று.

இனி, திருப்பெரும்புதூருக்குத் திரும்புவோம். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமி. 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு அடிக்கல். 1998இல் கார் வெளிவந்தது. 2006இல் நோக்கியா கைப்பேசி ஆலை. 2010இல் ஒரகடத்தில் ரெனோ – நிசான். 2012இல் டெய்ம்லர் சரக்குந்து. 2013இல் ராயல் என்ஃபீல்டு. இன்று ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் கோக்கப்பட்டு அயல்நாடு செல்கின்றன. நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது. பெண் சம்பாதித்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிறாள்; திருமணத்தைத் தள்ளிவைத்துத் தம்பியைப் படிக்கவைக்கிறாள். இது சிறிய மாறுதலன்று, வரவேற்கிறோம்.

ஆனால், 2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தனரே, அதையும் மறப்பதற்கில்லை. ஆலையை எடுத்துச் செல்பவன் எந்திரத்தை எடுத்துச் செல்லலாம்; அறிவு நம்மிடம் தங்கியிருந்தால் அடுத்த ஆலையை நாமே எழுப்பலாம். கோக்கத் தெரிந்த விரல்கள் மட்டும் மிஞ்சினால், கோக்கச் சொல்பவன் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். 2021 டிசம்பரில், விடுதியில் கிடைத்த கெட்ட உணவால் நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் நோயுற, அவர்களுடைய தோழியர் திரண்டு வந்து சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையிலே அமர்ந்தனர். தம் உடலுக்குள் என்ன போகிறது என்று கேட்கத் துணிந்தவர்கள் அவர்கள். தம் கையிலே உள்ள பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்க அவர்களால் முடியாதா? முடியும். கேட்டால் விடை சொல்ல நாம் இருக்கிறோமா என்பதே கேள்வி.

காரைக்குடிக்கும் திருப்பெரும்புதூருக்கும் இடையே ஏறத்தாழ 400 கிலோமீட்டர். ஓர் இரவுப் பயணம். ஆனால், காரைக்குடியின் ஆய்வுக்கும் திருப்பெரும்புதூரின் கைகளுக்கும் உள்ள தொலைவு அதனினும் பெரிது. இந்நாட்டில் கோக்கப்படும் கருவிகளுக்கான இலித்தியம் அயனிக் கலங்களில் பெரும்பகுதி இன்னும் அயல்நாட்டிலிருந்தே வருகிறது. அவுரி நம்முடையது, அனிலீன் அவர்களுடையதாயிற்று. இன்று கை நம்முடையது, மின்கலம் அவர்களுடையது. நூறாண்டுக்கு முன் தொட்டியில் நின்றவனுக்கு நீலம் பாய்ந்த கால் மிஞ்சியதுபோல, இன்று பலகை முன் நிற்பவளுக்கு வலிக்கும் கால் மட்டும் மிஞ்சலாமா?

ஒரு பழங்கதை நினைவுக்கு வருகிறது. திருப்பெரும்புதூரிலே பிறந்த இராமாநுசர், மந்திரம் ஒன்றைக் கற்பதற்காகத் திருக்கோட்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்தார் என்றும், "எவருக்கும் சொல்லாதே" என்று காதில் ஓதப்பட்டதைக் கோபுரத்தின்மீது ஏறி ஊரார் அனைவருக்கும் உரைத்தார் என்றும் சொல்வர். நடந்ததோ, புனைந்ததோ, அந்த மந்திரத்தால் எவர் எங்கே சென்றார் என்ற ஆராய்ச்சியும் நமக்கு வேண்டாம். மறைத்து வைத்ததை ஊரறியச் சொன்னார் என்ற பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். திருக்கோட்டியூர் எங்கே இருக்கிறது? காரைக்குடி இருக்கும் அதே சிவகங்கை மாவட்டத்தில்! அன்று திருப்பெரும்புதூரிலே பிறந்த ஒருவர் அறிவைத் தேடி அத்திசைக்கு நடந்ததாகக் கதை. இன்று அத்திசையிலிருந்து திருப்பெரும்புதூரை நோக்கி அறிவு நடந்து வரவேண்டும். ஒருவர் காதில் அன்று, எல்லார் காதிலும் விழுமாறு வரவேண்டும்.

எங்ஙனம் வரும்? தானாக வராது. தோழர்களே, நம் படிப்பகங்களிலே ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். மின்வேதியியல் படித்த மாணவனை அழையுங்கள். தமிழிலே பேசச் சொல்லுங்கள். எலுமிச்சம்பழத்திலே செம்பும் துத்தநாகமும் குத்தி, மின்முனை என்றால் என்ன என்று காட்டச் சொல்லுங்கள். ஆலையிலிருந்து திரும்பும் தங்கைகளை முன்வரிசையில் அமர்த்துங்கள், அவர்கள் கேட்கட்டும். காரைக்குடியிலே கற்கும் பிள்ளை ஒரு திங்களேனும் ஒரகடத்து ஆலையிலே பயில வேண்டுமென்றும், ஒரகடத்திலே உழைக்கும் பெண் விரும்பினால் காரைக்குடியிலே கற்க வழி வேண்டுமென்றும் அரசிடமும் ஆலைகளிடமும் உரத்துக் கேளுங்கள். அழகப்பர் 300 ஏக்கர் தந்தார்; நம்மிடம் கேட்கப்படுவது ஒரு மாலைப்பொழுதும் ஒரு குரலுமே.

"ஆலைக்குப் போகும் பெண்ணுக்கு அணுவும் அயனியும் எதற்கு?" என்பார்கள். "கிராமத்துப் பிள்ளைக்கு ஆராய்ச்சி ஏறாது" என்பார்கள். இந்தப் பேச்சை எங்கேயோ கேட்டிருக்கிறோமல்லவா? "இக்குலத்தானுக்கு எழுத்து ஏறாது" என்றார்கள், ஏறிற்று. "பெண்ணுக்குப் பட்டம் ஆகாது" என்றார்கள், ஆயிற்று. "பிளாஸ்டிக்கில் மின்சாரம் ஓடாது" என்றார்கள், ஓடிற்று. பொருளிலே குறையில்லை, நெருக்கியடித்து அடைத்து வைத்திருந்ததுதான் குறை. சிறிது வெற்றிடம் உண்டாக்கினார்கள். ஒரு கோடி மடங்கு உயர்ந்தது.

நாளைப் பொழுது புலருமுன் சுங்குவார்சத்திரத்துச் சாலையில் பேருந்து நிற்கும்; அப்பெண் இறங்குவாள். "இது எங்கே பிறந்தது?" என்று அவளைக் கேட்டால், "எங்கள் ஊர் அவுரியிலே தொடங்கி, காரைக்குடி வழியாக வந்தது; அடுத்ததை நான் செய்வேன்" என்று அவள் சொல்லும் நாள் வரவேண்டும். வராது என்பார் உளரோ? சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்!